அஞ்சலிப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி

எங்கள் பத்திரிகையில் பொய் அச்சாவதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை, அச்சாக வழி கிடையாது, அவ்வளவுதான். ஒரு வதந்தியை நம்பி மூன்று ஊர்க்காரர்கள் வெட்டிக்கொண்டு செத்த பிறகு அரசாங்கம் சட்டம் போட்டது. அன்றிலிருந்து ஒவ்வொரு அச்சகத்தின் வாசலிலும் உரைகல் உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு கணினிதான். ஒரு வரியைக் கொடுத்தால் அரசு ஆவணம், கேமராப் பதிவு, தொலைபேசி விவரம், வானிலைக் குறிப்பு, கையெழுத்திட்ட சாட்சியம் என்று எல்லாவற்றையும் கண் மூடித் திறப்பதற்குள் துழாவிவிடும். உண்மையென்றால் வரியின் முடிவில் பச்சைப் புள்ளி. பொய்யென்றால் சிவப்பு. ஆதாரமே இல்லையென்றால் மஞ்சள். பச்சை இல்லாத வரி ஒன்று இருந்தாலும் அந்தப் பக்கம் அச்சுக்குப் போகாது.

சட்டம் வந்த புதிதில் பத்திரிகை முதலாளிகள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்கள். பிறகு பார்த்தால் ஒரு பத்திரிகையும் சாகவில்லை, இன்னும் கொழுத்தன. முன்பெல்லாம் ஜனங்கள் செய்தியைப் படித்துவிட்டு "எவன் கண்டான்" என்பார்கள். இப்போது பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். இருந்தால் அதற்குமேல் யோசிப்பதில்லை. யோசிக்கும் வேலையையும் சேர்த்து இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்று நினைப்பு.

என் பெயர் பலவேசம். தூத்துக்குடிக்குத் தெற்கே புதுத்துறை என்ற எங்கள் ஊரில் வெளியாகும் 'தென்னலை' நாளிதழில் அஞ்சலிப் பக்கம் என் பொறுப்பு. ஊரில் பாதிப் பேர் முதலில் திறப்பது என் பக்கத்தைத்தான். யார் போய்ச் சேர்ந்தார் என்று பார்த்த பிறகுதான் நாட்டை யார் ஆள்கிறார் என்று பார்ப்பார்கள். முன்வாசல் கவுண்டரில் நானும் ஒரு சின்ன உரைகல்லும் உட்கார்ந்திருப்போம். செத்தவரைப் பற்றி வீட்டார் சொல்வதை அதில் தட்டுவேன். ஆரம்பத்தில் பெரிய ரோதனை. "அன்பே உருவானவர்" என்று போட்டால் மஞ்சள் எரியும். "எல்லோருக்கும் நல்லவர்" என்றால் சிவப்பு, கூடவே பக்கத்து வீட்டுக்காரர் போட்ட வழக்கின் எண்ணையும் காட்டும். கடைசியில் அஞ்சலியில் வரும் புகழ்ச்சிக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். செத்தவன் நல்லவன் என்பதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபணை இல்லை.

அந்த ஐப்பசியில் கஸ்பார் செத்தான். எங்கள் ஊர்த் துறைமுகத்தின் இழுவைக் கப்பல்களில் ஆள் கிடையாது. 'நீலவாரி' என்ற கம்பெனி அவற்றைக் கரையில் ஓர் அறையிலிருந்தே ஓட்டுகிறது. அப்படி வந்த கப்பல் ஒன்று, பட்டப்பகலில், தனியாக வலை இழுத்துக்கொண்டிருந்த கஸ்பாரின் வள்ளத்தில் ஏறிவிட்டது. அறையில் அப்போது பணியில் இருந்தவள் சகாயராணி. மறுநாள் எங்கள் முதல் பக்கத்தில் தலைப்பு: 'இருக்கையில் இல்லாத பெண் ஊழியர், கப்பல் மோதி மீனவர் பலி.' பக்கத்தில் அவள் கறுப்புக் கண்ணாடி போட்டுச் சிரிக்கும் படம். கோயில் திருவிழாவில் எடுத்தது. அதுவும் உண்மையான படம்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவளே என் கவுண்டருக்கு வந்தாள். முப்பதைத் தாண்டிய பெண். வெயிலில் நடந்தே வந்திருந்தாள், ஆட்டோக்காரன் ஏற்றவில்லையாம். அழுவாள் என்று எதிர்பார்த்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். அழவில்லை. பத்திரிகையை என் முன்னால் விரித்தாள்.

"அண்ணாச்சி, ஒரு வரி பொய்ன்னு காட்டிட்டா பேப்பர்க்காரவ முதல் பக்கத்துல மன்னிப்புக் கேக்கணும்லா?"

"ஆமாம்மா. சட்டம் அப்படித்தான்."

"அப்ப இதை ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க."

போட்டேன். 'விபத்து நேர்ந்தபோது சகாயராணி தன் இருக்கையில் இல்லை.' பச்சை.

"நான் வெளிய ஓடிப்போயி அபாயச் சங்கைச் சுத்திட்டு நின்னேன்."

"இருக்கையில இருந்தியாம்மா?"

"இல்ல."

'அன்று காலை அவர் பலமுறை கைபேசியில் பேசியிருக்கிறார்.' பச்சை.

"ரிப்பேர் செக்சனுக்குப் பேசினேன். கரையில நம்ம கோபுரம் நிக்குல்லா, அதுல உள்ள கண்ணுதான் கடல்ல கெடக்க வள்ளத்தையெல்லாம் எங்க திரையில காட்டும். ஆடி மாசத்துல இருந்து அது வேலை செய்யல. தெனமும் போன் போடுவேன்."

'சென்ற மாதம் நிர்வாகம் அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் அளித்திருந்தது.' பச்சை.

"கோபுரம் ரிப்பேர்னு துறைமுக ஆபீசுக்கு நேரா எழுதினேன். மேனேஜரைத் தாண்டிப் போயிட்டேன்னு குடுத்த கடிதம்."

கடைசி வரிவரை பச்சை. செய்தி முழுவதும் பச்சை பச்சையாக, நாற்றங்கால் மாதிரி இருந்தது. அவள் பத்திரிகையை மடித்தாள்.

"காலையில பூசைக்குப் போனேன் அண்ணாச்சி. நான் உக்காந்த பெஞ்சுல வேற யாரும் உக்காரல. புதன்கிழமை விசாரணை. வேலை போனா போவுது. ஆனா கஸ்பாரைக் கொன்னவள்னு பேரு எழுதிட்டாவன்னா நான் இந்த ஊர்ல எப்படி இருக்க? விசாரிக்க வர்ற அதிகாரியும் இதைத்தான படிச்சிட்டு வருவாரு?"

மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். எங்கள் செய்தி ஆசிரியர் ஞானதிரவியம் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் சங்கடமே. தெருநாய்க்குச் சோறு வைப்பார். என் மகள் கல்யாணத்துக்கு முன்நின்று பந்தி பார்த்தவர். அவளை உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, அமைதியாகக் கேட்டார்.

"எந்த வரிம்மா பொய்?"

"பொய் இல்ல சார். ஆனா..."

"ஆனாவுக்குச் சட்டத்துல இடம் இல்லையேம்மா."

நான் குறுக்கே விழுந்தேன். "கோபுரம் ரிப்பேர்னு நம்ம நிருபர் எழுதிக் குடுத்திருந்தாரே சார்?"

"குடுத்தாரு. கடைசிப் பத்தியா வச்சேன். இடம் பத்தல. பத்தலன்னா வாலைத்தான வெட்டுவோம்? இது இன்னைக்கு நேத்து வழக்கமா வே?"

"அதை வாலுல வச்சது யாரு?"

"எதையாவது ஒண்ணை வாலுல வைக்கத்தான வேணும்." அவர் கோபப்படவில்லை. "மீன்காரி கூடையில நல்ல மீனா மேல அடுக்குவா. அடியில கெடக்கதும் மீன்தான். அவ பொய் சொன்னான்னு யாராவது சொல்லுவாங்களா?"

சகாயராணி கேட்டாள்: "கம்பெனி 'தெரிவித்தது'ன்னு போட்டிருக்கிய. நான் மட்டும் 'கூறிக்கொண்டார்'னு போட்டிருக்கிய. ஏன் சார்?"

"ரெண்டு பேரும் வாயால பேசினதுதானம்மா. உரைகல் ரெண்டுக்கும் பச்சை வச்சிருக்கு."

"கம்பெனிக்காரவ போன் போட்டுச் சொன்னாவளா?"

"சத்தியமா யாரும் போடல. போட்டிருந்தா அதுவும் பதிவாயிருக்கும்." அவர் மேசைமேல் இருந்த பத்திரிகையைத் திருப்பிக் காட்டினார். கடைசிப் பக்கம் முழுவதும் நீலவாரியின் நீல விளம்பரம். "இது தினமும் வருது. எனக்குக் கண்ணு தெரியும். போன் எதுக்கு?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. பொய் சொல்கிறவனையாவது பிடித்து உலுக்கலாம். இவரை எங்கே பிடிப்பது? சகாயராணி எழுந்து படியிறங்கிவிட்டாள்.

வாசலில் அவள் செருப்பை மாட்டும்போதுதான் எனக்குத் தோன்றியது. அஞ்சலிப் பக்கத்தை ஞானதிரவியம் படிப்பதில்லை. அது விற்ற இடம். வாங்கியவர் சொன்னது வரும், அவ்வளவுதான். உரைகல் பச்சை வைத்துவிட்டால் நேராக அச்சுக்குப் போகும். நடுவில் ஆள் கிடையாது. ஊரில் முதலில் திறக்கிற பக்கமும் அதுதான்.

"தங்கச்சி," என்றேன். "கஸ்பாருக்கு அஞ்சலி போடுதியா?"

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"நடந்ததை நடந்தபடி சொல்லு. நான் தட்டுதேன்."

சொன்னாள். அவளும் கஸ்பாரும் ஒரே பள்ளிக்கூடம். அன்றைக்குத் திரையில் ஒன்றும் இல்லை. தற்செயலாக ஜன்னல் வழியே பார்த்தால் கப்பலின் பாதையில் ஒரு வள்ளம். நிறுத்தும் விசையை அழுத்தினாள். ஆனால் அவ்வளவு பெரிய இரும்பு அழுத்தியவுடன் நின்றுவிடாது. வெளித் தளத்துக்கு ஓடி, கையால் சுற்றும் பழைய அபாயச் சங்கைச் சுற்றினாள்.

"சங்கைச் சுத்தினதுக்கு ஆதாரம் வேணுமே? இல்லாட்டா மஞ்சள் எரியும்."

"அறைக்குப் பின்னால உப்பளத்துல வேலை பாத்தவ கேட்டிருக்காவ. போலீஸ்ல எழுதியும் குடுத்திருக்காவ."

"அப்ப அதையும் ஒரு வரியாப் போடுவோம்." போட்டேன். பச்சை. எனக்கே பெருமையாக இருந்தது. "பெறவு?"

அவள் மேசையில் கிடந்த விளம்பர ரசீதின் மூலையை மடித்து மடித்து நீவினாள்.

"எதிர்க்காத்துதான் அண்ணாச்சி. ஆனா அவனுக்குச் சத்தம் கேட்டுச்சு. திரும்பி என்னையப் பாத்தான். கையைத் தூக்கி, செத்த நேரம் இருன்னு காட்டினான். திரும்பவும் வலையை இழுக்க ஆரம்பிச்சுட்டான். வலை முக்கால்வாசி தண்ணிக்குள்ள கெடந்துச்சு. கயித்தை அறுத்துவிட்டுட்டு எஞ்சினைப் போட்டிருந்தா தப்பிச்சிருப்பான். நேரம் இருந்துச்சு. அவனுக்கு மனசு வரல."

கோபுரத்தின் கண் குருடு. அந்தக் கையைப் பார்த்தது இவள் ஒருத்திதான்.

"இதை யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"நீயும் போலீஸ்ல எழுதிக் குடுத்தா பச்சை விழும். கட்டாயம் போடணும்மா. நீ சங்கு சுத்தினதை அவன் கேட்டுட்டான்னா உன் பேரு பால் மாதிரி வெளுத்துரும்."

"கம்பெனி பேரும் வெளுத்துருமே," என்றாள். "எச்சரிச்சோம், அவன்தான் வரலன்னு சொல்லிட்டுப் போயிருவாவ. கோபுரத்தை எவனும் ஏறிட்டுக்கூடப் பாக்க மாட்டான். அது போவட்டும். அந்த வலை செலஸ்தீனாக்கா அவனுக்கு வாங்கிக் குடுத்தது. புதுசு. அவுக தெனமும் உங்க பக்கத்தைப் படிப்பாவ. வேண்டாம் அண்ணாச்சி."

செலஸ்தீனா கஸ்பாரின் தாய். நான் மேற்கொண்டு வற்புறுத்தவில்லை. மறுநாள் காலையில் இது வந்தது:

'கண்ணீர் அஞ்சலி. கஸ்பார், உன் வள்ளத்தைத் திரையில் காட்ட வேண்டிய கோபுரத்தின் கண் ஆடி மாதம் முதல் பழுது. சரிசெய்யச் சொல்லி எழுதினேன். எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அன்று காலையும் பழுதுப் பிரிவுக்குப் பலமுறை பேசினேன். ஜன்னல் வழியே உன்னைக் கண்டதும் கப்பலை நிறுத்தும் விசையை அழுத்தினேன். இருக்கையை விட்டு வெளியே ஓடி அபாயச் சங்கைச் சுற்றினேன். உப்பளத்தில் இருந்தவர்கள் அதைக் கேட்டார்கள். கப்பல் நிற்பதற்குள் உன்னை அடைந்துவிட்டது. பள்ளித் தோழி சகாயராணி, அன்று பணியில் இருந்தவள்.'

ஒவ்வொரு வரிக்கும் பச்சைப் புள்ளி.

ஊர் ஒரே காலையில் தலைகீழாகப் புரண்டது. டீக்கடையில் நீலவாரிக்காரனுக்கு டீ இல்லை என்றார்கள். கோபுரத்தடியில் கூட்டம் கூடி அண்ணாந்து பார்த்தது. அத்தனை மாதம் அந்தப் பக்கமாகப் போய்வந்தவர்கள்தான். புதன்கிழமை விசாரணைக்கு வந்த அதிகாரி முதலில் கேட்டது கோபுரத்தைப் பற்றி. சகாயராணியின் பெயர் குற்றப் பட்டியலிலிருந்து சாட்சிப் பட்டியலுக்குப் போனது. அடுத்த ஞாயிறு பூசையில் அவள் பெஞ்சில் மற்றவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவளை ஏற்ற மறுத்த ஆட்டோக்காரன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றானாம். அவனும் இரண்டு தடவையும் உண்மையைத்தான் படித்தான். பாவம், அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

ஞானதிரவியம் என் பக்கத்தைக் கையில் சுருட்டிக்கொண்டு கவுண்டருக்கு வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன்.

"வே, கூடையை நல்லா அடுக்கியிருக்கீரே."

"ஒரு வரியும் பொய் இல்ல சார்."

"இல்லதான். உப்பளத்துக்காரன் கேட்டது வரை இருக்கு. செத்தவனுக்குக் கேட்டுதா இல்லையான்னு மட்டும் இல்ல. வேற எவனும் இதைக் கேக்க மாட்டான். எனக்குத் தொழில் புத்தி. கண்ணு அங்கதான் போவுது."

நான் ரசீதுப் புத்தகத்தைப் புரட்டினேன். அவரும் தோண்டவில்லை. ஊரே ஒரு பக்கம் சாய்ந்திருக்கும்போது எதிர்ப்பக்கம் எழுதினால் பத்திரிகை விற்காது என்பதும் அவருக்குத் தெரியும்.

வேறு எவனும் கேட்க மாட்டான் என்று அவர் சொன்னது தப்பு. முப்பதாம் நாள் பூசை நெருங்கியபோது செலஸ்தீனா அம்மா வந்தார், அதற்கான விளம்பரம் கொடுக்க. மெலிந்த உடம்பு, வெள்ளைச் சேலை. மகனுடைய படத்தை என்னிடம் நீட்டினார். பிறகு ஜெபமாலை வைக்கும் சின்னப் பையிலிருந்து ஒரு துண்டுத்தாளை எடுத்தார். சகாயராணி போட்ட அஞ்சலிதான், கத்தரித்து வைத்திருந்தார்.

"இதுல உள்ளது பூராவும் உண்மைதான அண்ணாச்சி?"

"பச்சை இருக்குல்லாம்மா."

"உப்பளத்துல நின்னவளுக்குச் சங்கு கேட்டிருக்கு." விரலை அந்த வரிமேல் வைத்தார். "அப்ப என் மவனுக்கு?"

நான் பெருமைப்பட்டுக்கொண்டு சேர்த்த வரி அது.

"அவனுக்குக் காது நல்லாக் கேக்கும். கேட்டும் வரலன்னா வலைக்காகத்தான் நின்னிருப்பான். அன்னைக்குக் காலம்பற கெளம்பும்போது நான்தான் சொன்னேன், எதை விட்டுட்டு வந்தாலும் வலையை விட்டுட்டு வந்திராதலேன்னு. சும்மா வாய் வார்த்தையாச் சொன்னது. இந்தத் தாளைப் படிச்ச நாள்ல இருந்து எனக்குச் சோறு எறங்கல. அவனுக்குக் கேட்டுதா, கேக்கலையா? அது ஒண்ணு தெரிஞ்சாப் போதும்."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் உரைகல்லைக் காட்டினார்.

"நீங்க சொல்ல வேண்டாம். அதுல போட்டுச் சொல்லுங்க."

நான் எதைப் போடுவது? 'கஸ்பாருக்குச் சங்கு கேட்கவில்லை' என்று தட்டினால் மஞ்சள் எரியும். அந்த மஞ்சளை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போய் மிச்சமிருக்கும் காலம் முழுவதும் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்தம்மாவின் கை என் மேசைமேல் இருந்தது. வலைக்கயிறு அறுத்த பழைய தழும்புகள் உள்ள கை. என் விரல்கள் தாமாகவே தட்ட ஆரம்பித்தன.

'அன்று முற்பகல் முழுவதும் கொண்டல் காற்று கடலிலிருந்து கரையை நோக்கி வீசியது.' வானிலைக் குறிப்பில் இருக்கிறது. பச்சை.

'சங்கு கரையில் ஒலித்தது. கஸ்பார் கடலில் இருந்தார்.' பச்சை.

'உப்பளம் கரைக்குப் பின்னால் இருக்கிறது.' பச்சை.

மூன்றையும் நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டினேன். செலஸ்தீனா அம்மா புள்ளிகளைப் பார்த்தார். பிறகு வாசலுக்கு வெளியே, கடல் இருக்கும் திசையைப் பார்த்தார்.

"ஆமா. அன்னைக்குக் கொண்டல்தான்," என்றார். "கொண்டல்ல கரைச் சத்தம் கடலுக்குப் போவாது. எல்லாம் உப்பளத்துப் பக்கமாத்தான் அடிச்சுட்டுப் போயிருக்கும். பொறந்ததுல இருந்து காத்துக்குள்ள கெடக்கேன், இது எனக்குத் தோணாமப் போச்சே."

அதை அவரேதான் சொன்னார். நான் சொல்லவில்லை.

"அந்தத் தாளைக் குடுங்க அண்ணாச்சி."

உரைகல் துப்பிய சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன். அதை நான்காக மடித்து ஜெபமாலையோடு பைக்குள் வைத்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார். வேறு மாதிரி அழுகை. பார்க்கிறவருக்கும் பாரம் இறங்குகிற அழுகை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கஸ்பாரின் படத்தைப் பெரிதாகப் போடச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பினால் மாடிப்படியின் அடியில் ஞானதிரவியம். எவ்வளவு நேரமாக நின்றாரோ. என் தோளுக்கு மேலாகத் திரையில் இருந்த மூன்று வரிகளையும் மூன்று பச்சைப் புள்ளிகளையும் படித்தார். அவருக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"எதை வே வாலுல வச்சீரு?" என்று கேட்டார். குரலில் கேலி இல்லை.

"இடம் பத்தல சார்," என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு மாடிக்குப் போனார்.